அண்ணனோட ஈசிஜியும் அம்மாவோட சாமி அலமாரியும்

அண்ணன் ஆர்மில ஹவில்தார். லீவுல பல்லாவரம் வந்தான்னா பெட்டியத் திறந்ததும் கேன்டீன் சாமான்தான் முதல்ல வெளிய வரும், இந்த தடவ வந்தது ரோஸ் கலர் கட்டம் போட்ட ஒரு ஈசிஜி. வருஷா வருஷம் நடக்குற மெடிக்கல்ல எடுத்தது. மேல மெஷினே 'அப்நார்மல் ஈசிஜி'ன்னு அடிச்சு குடுத்திருந்துச்சு, அத அம்மா எழுத்துக்கூட்டி படிச்சுட்டாங்க, அவ்ளோதான், அன்னிக்கு ராத்திரி வீட்ல யாரும் ஒழுங்கா சாப்பிடல.

இத்தனைக்கும் அவனுக்கு ஒரு வலி கிடையாது, மூச்சு வாங்குறது கிடையாது. தினமும் காலைல ஓடுறவன், திரிசூலம் மலை மேல நான் பாதில உக்காந்துட்டேன், அவன் ஏறிட்டு எறங்கியே வந்துட்டான்.

அப்புறம் உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தோம். துடிப்பு நிமிஷத்துக்கு 46. நமக்குன்னா 60க்கு கீழ போனாலே ஸ்லோம்பாங்க, தினமும் ஓடுறவங்களுக்கு இது சகஜம். அடுத்தது 'இன்கம்ப்ளீட் ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்', பேர கேட்டா ரத்தக்குழாய் அடைச்ச மாதிரி இருக்கு, ஆனா இது இதயத்துக்குள்ள கரண்ட் போற பாதைல வர்ற சின்ன தாமதம்தான், அடைப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஈசிஜி எடுக்க நெஞ்சுல ஒட்டுற ஆறு லீட்ல (வி1லேர்ந்து வி6 வரைக்கும்) முதல் ரெண்ட கொஞ்சம் மேல தள்ளி ஒட்டுனாகூட இப்படி வரும். இந்த பேர வச்சவன்தான் எங்கம்மா பிபிய ஏத்துனவன்.

மூணாவதுதான் அவங்க டாக்டர் சும்மா விடாதது. கடைசி ரெண்டு லீடான வி5, வி6ல டி அலை, அதாவது ஒவ்வொரு துடிப்போட கடைசியில வர்ற சின்ன மேடு, தலைகீழா பள்ளமா இருந்துச்சு. அது இதயத் தசை தடிக்கிற வியாதியோட முதல் அடையாளமா இருக்கலாம், அந்த வியாதில சில பேருக்கு மைதானத்துலயே மயக்கம் வந்து உயிர் போயிருக்கு, அதனால எக்கோ (இதயத்தோட ஸ்கேன்) எடுத்தாங்க, டிரெட்மில்ல ஓட விட்டாங்க. ரெண்டும் சுத்தமா வந்துச்சு. ஆனாலும் டெம்பரரியா லோ மெடிக்கல் கேட்டகிரில போட்டுட்டாங்க, பிரமோஷன் நேரம் பாத்து. அண்ணனுக்கு வலிச்சது அதுதான், இதயம் இல்ல.

கெளம்புறப்ப அந்த டாக்டர் கேட்டாராம், "பழைய ஈசிஜி ஏதாச்சும் வீட்ல இருக்கா?"

அதுலதான் விஷயமே இருக்கு. அமெரிக்க விமானப்படை 1950கள்லயே இதுக்குன்னு ஒரு ஈசிஜி லைப்ரரி வச்சு ஆரோக்கியமா இருக்குற ஆளுங்களோடத சேத்துச்சு, 1962ல 1,22,043 பேரோட கணக்கு வெளிவந்துச்சு. ஒரு குறையும் இல்லாதவங்க நெஞ்சுலயும் விதவிதமா கோடு வரும்னு அதுல நல்லாவே தெரிஞ்சுது. இன்னிக்கு வந்த கோணல் இன்னிக்கு வந்ததா, பத்து வருஷமா இருக்குறதா, அத அவனோட பழைய பேப்பர்தான் சொல்லும்.

எங்க லைப்ரரி அம்மாவோட சாமி அலமாரி. 2017ல அவன் டெங்கு காய்ச்சல்ல படுத்தப்ப எடுத்த ஈசிஜிய, நல்லபடியா பொழச்சான்னு, முருகர் படத்துக்குப் பின்னாடி வச்சிருக்காங்க. விளக்குப் பக்கத்துல! அது சூடு பட்டா கருக்குற பேப்பர். ஒரு மூல அப்படியே கரிக்கட்ட, மீதி வெளுத்துப் போய் கோடு இருக்கா இல்லையான்னே தெரியல. செல்போன் டார்ச்ச சாய்ச்சுப் புடிச்சு நானும் அவனும் தரையில உக்காந்து தேடுனோம். வி4 வரைக்கும் அழிஞ்சே போச்சு. வி5 மங்கலா, வி6 அதவிட மங்கலா, ஆனா ரெண்டுலயும் அதே குட்டி பள்ளம் இருந்துச்சு. அண்ணன் ஒண்ணும் பேசல, பேப்பர என் கையிலேர்ந்து வாங்கி திரும்ப ஒருதடவ பாத்தான்.

போட்டோ அனுப்பிட்டோம். நல்ல விஷயம்தான், ஆனா வருஷா வருஷம் எக்கோ பாக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார், கேட்டகிரி அடுத்த ரிவ்யூலதான் தெரியும். அம்மா புது ஈசிஜிய லேமினேட் பண்ண கடைக்கு கெளம்பிட்டாங்க. அந்த சூட்டுல முழுசா கருத்துடும்மான்னு கேட் வரைக்கும் ஓடிப் போய் புடிச்சு ஜெராக்ஸ் எடுக்க அனுப்புனேன், மூணு காப்பி எடுத்துட்டு வந்தாங்க, ஒண்ணு மறுபடியும் முருகருக்குப் பின்னாடிதான் போயிருக்கு.