வலது கை

பிப்ரவரி 3
ஆஸ்பத்திரிக் கடிதம் வரவில்லை.

பிப்ரவரி 4
விடிவதற்கு முன்பே கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் எழுப்பிவிட்டன. சுண்டுவிரல் மட்டும் ஜம்மென்று இருக்கிறது. உதறினால் சரியாகிறது, ஆனால் போன தூக்கம் போனதுதான். ஹெட்போனை மாட்டி டாக்டர் ஃபீல்குட் ராக் குழுவைப் போட்டேன். 'டவுன் பை தி ஜெட்டி' ஆல்பம், 1975. ஊரே ஸ்டீரியோவில் திளைத்துக்கொண்டிருந்தபோது இவர்கள் மோனோவில், ஒற்றைத் தடத்தில் போட்டார்கள். நாலு பேரும் ஒரே வாசலில் முண்டியடித்துக்கொண்டு வெளியே வருகிற மாதிரி இருக்கிறது. என்ன திமிர்!

பிப்ரவரி 7
ஃபீல்குட்டின் கிட்டாரிஸ்ட் வில்கோ ஜான்சனின் வலது கையை வீடியோவில் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியை மீட்டும் சின்னத் தகடு, பிக், கிடையாது. வெறும் விரல்கள் மேலும் கீழுமாகக் கம்பிகளை அறைகின்றன. இடது கை கார்டை அழுத்திய உடனே தளர்த்திவிடுகிறது, ஒலி நீள்வதற்குள் வெட்டுப்படுகிறது. அந்த வெட்டில்தான் எல்லாம் இருக்கிறது. கிட்டாரே தாளக் கருவியாகிவிடுகிறது, நடுநடுவே லீடும் அதே கையிலிருந்து வருகிறது. பைரேட்ஸ் குழுவின் மிக் கிரீனைக் கேட்டுப் பிடித்த வித்தை. அதோடு பாடகர் லீ பிரில்லோவின் கரகரத்த குரல், மவுத் ஆர்கன், அழுக்கேறிய அந்த வெள்ளை கோட்டு. வேறெதுவும் தேவையில்லை.

இதை மூன்று விரல் மரத்த கையால் எப்படி வாசிப்பது?

பிப்ரவரி 9
வில்கோ பிறவியில் இடக்கைக்காரர். முதலில் அப்படித்தான் கற்றார், சரிவரவில்லை என்று வலது கைக்கு மாறினார். மாற முடியும் என்பதுதானே இதற்கு அர்த்தம்?

ராத்திரி மூன்று மணிக்கு கிட்டாரைத் திருப்பிப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா போன். "என்னடா சத்தம், பாத்திரத்த உருட்டுறியா?" வில்கோ பையனாக இருந்தபோது மாறினார். எனக்கு 46.

பிப்ரவரி 10
இல்லை.

பிப்ரவரி 15
வீட்டில் இருக்க முடியவில்லை. பென்ஃப்ளீட்டில் இறங்கி, ஃபீல்குட்டின் சொந்த ஊரான கேன்வே தீவுக்கு பஸ். தெருவில் நின்றால் கடல் தெரியாது, சுவர் மேல் ஏறினால்தான் தெரியும். 1953 ஜனவரி கடைசி இரவில் வெள்ளம் உள்ளே புகுந்து ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்த ஊர். எண்ணெய்த் தொட்டிகள், சேறு, முகத்தில் அறையும் காற்று. தேம்ஸ் முகத்துவாரத்தையே மிசிசிப்பி டெல்டாவாக நினைத்துக்கொண்டு ப்ளூஸ் வாசித்திருக்கிறார்கள். கேலியா நிஜமா என்று பிரிக்க முடியாத நினைப்பு, எனக்குப் பிடித்ததே அதுதான்.

பிரில்லோ 1994இல் போனார், 41 வயதில். என்னைவிடச் சின்னவர்.

கையுறை போட்டும் விரல் மரத்தது.

பிப்ரவரி 18
எங்கள் குழுவின் டிரம்மர் கூப்பிட்டான். "சனிக்கிழமைக்கு வேற ஆள் சொல்லிட்டோம் மச்சான். நீ கையைப் பாரு." சரி என்றேன். வேறென்ன சொல்ல?

வருகிறவன் பிக் வைத்து வாசிப்பவனாம்.

1977இல் வில்கோ ஃபீல்குட்டிலிருந்து விலகினார். குழு நிற்கவில்லை, 1979இல் அவர் இல்லாமலேயே ஒரு சிங்கிள் டாப் பத்துக்குள் போனது. இதை எதற்கு இன்றைக்குப் போய் தேடினேனோ.

பிப்ரவரி 20
2013இல் வில்கோவுக்குக் கணையத்தில் புற்றுநோய், அறுவை செய்ய முடியாது என்றார்கள். கீமோ வேண்டாமென்று மேடைக்குப் போனார். அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜில் அறுவை செய்து மூன்று கிலோ கட்டியை எடுத்தார்கள். 2022 நவம்பர் வரை இருந்தார்.

எனக்கு மணிக்கட்டில் ஒரு நரம்பு. அவ்வளவுதான். அப்படியும் சனிக்கிழமையை நினைத்தால் வயிறு எரிகிறது.

பிப்ரவரி 22
போகவில்லை. ஃபீல்குட்டின் 'ஸ்டுபிடிட்டி'யின் இரண்டாம் பக்கத்தைச் சத்தமாக வைத்தேன். இங்கே, சவுத்எண்டு கர்சால் அரங்கில் பதிவானது. 1976இல் இங்கிலாந்தின் முதலிடத்துக்குப் போன ஆல்பம், அதுவும் மேடையில் பதிந்தது! பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். தாளத்தில்தான் தட்டினார்.

பிப்ரவரி 25
வந்துவிட்டது. மார்ச் 11 காலை, நரம்புச் சோதனை. சின்னச் சின்னதாக ஷாக் கொடுத்துப் பார்ப்பார்களாம். கையில் கிரீம் எதுவும் தடவிக்கொண்டு வரக்கூடாதாம்.