ஆலோசகரும் அவருடைய கணக்கும்

கொழும்பில் தமிழ் நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் பொறுப்பாயிருந்த காலத்தில், தலைவர்களைக் காட்டிலும் அவர்களுக்குப் பின்னால் நின்ற ஆலோசகர்களைப் பற்றி எழுதுவதே எனக்குக் கடினமாக இருந்தது. 2016 முதல் ஓயாது வந்த பெயர் போல் மனஃபோர்ட். ட்ரம்பின் பிரசாரத்துக்கு அவர் தலைமை வகித்தது சில மாதங்களே. ஆனால் 1980களில் பிலிப்பைன்ஸின் மார்க்கோஸுக்கும் அங்கோலாவின் கிளர்ச்சித் தலைவர் சவிம்பிக்கும் வொஷிங்டனில் ஆதரவு தேடிக்கொடுத்த நிறுவனத்தின் பங்காளி அவர் என்பதையும், 2004இல் தோற்ற யனுகோவிச் 2010இல் உக்ரேனின் ஜனாதிபதியானபோது உடனிருந்தவர் என்பதையும் சொல்லாமல் அவரை வாசகருக்கு அறிமுகப்படுத்த இயலாது.

யனுகோவிச்சின் கட்சி ரஷ்ய மொழிக்கும் அரச மொழி அந்தஸ்துக் கோரிக் கிழக்கு உக்ரேனின் வாக்குகளைத் திரட்டியது. அங்கே கோரப்பட்டது சிறுபான்மையினரின் மொழிக்கு என்பது வேறு விடயம். மொழி எவ்வாறு வாக்காகிறது என்பதை 1956இல் சிங்களம் மட்டுமே அரச மொழியாக்கப்பட்டதை மறவாத எம் வாசகருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

2018 ஆகஸ்டில் ஜூரிகள் மனஃபோர்ட்டைக் குற்றவாளியாகக் கண்ட எட்டுக் குற்றச்சாட்டுகளும் வரி, வங்கிக் கடன், வெளிநாட்டு வங்கிக் கணக்கு பற்றியவை. அடுத்த மாதம், பதிவு செய்யாமல் உக்ரேனுக்காகச் செயற்பட்டதையும் அவர் ஒப்புக்கொண்டார். 2020 டிசம்பரில் பொதுமன்னிப்பும் கிடைத்தது. யாருக்கு ஆலோசனை வழங்கினார் என்பது எந்தக் கட்டத்திலும் குற்றமாகவில்லை, மறைத்ததே குற்றமானது. இந்த வேறுபாட்டைத் தலைப்பில் கொண்டுவர முடியாமல் ‘மோசடி ஆலோசகர்’ என்று சுருக்கிய நாட்களில் எனக்கு நிறைவிருக்கவில்லை.

வெளிநாடுகளுக்காகச் செயற்படுவோர் பதிவு செய்ய வேண்டுமென்ற அமெரிக்கச் சட்டம் 1938இல் வந்தது. அதன் பயன் எமக்கு நேரடியாகப் புரிந்தது இமாட் சுபேரி என்ற அமெரிக்க வணிகரின் வழக்கில்தான். அமெரிக்காவில் நாட்டின் பெயரைச் சீர்செய்யவென 2014இல் இலங்கை அவருக்கு 65 இலட்சம் டொலர் அனுப்பியது. அதில் 56 இலட்சத்துக்கும் அதிகமானதை அவர் தம்முடைய, தம் மனைவியுடைய நன்மைக்கே பயன்படுத்தினார் என்று அமெரிக்க நீதித் திணைக்களம் கூறியது. 2019இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2021இல் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எமது அரசு செலவிட்ட பணத்தின் கணக்கை நாம் அந்நிய நாட்டு நீதிமன்ற ஆவணங்களில் வாசிக்க நேர்ந்தது. இது வெளிநாட்டுச் செய்தியா, உள்நாட்டுச் செய்தியா என்று ஆசிரியபீடத்தில் வாதம் எழுந்தபோது, பணம் எமது என்பதால் நான் அதை உள்நாட்டுப் பக்கத்துக்கே விட்டுக்கொடுத்தேன்.