8080-ஐப் பிடித்து வைத்திருந்தது யார்?

கடலூர் லாரன்ஸ் ரோடு கடையில் புது பில்லிங் சாஃப்ட்வேர் போட்டதும் "போர்ட் 8080 ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று நின்றுவிட்டது. போர்ட் என்பது நெட்வொர்க் தொடர்புக்காக ஒரு புரோகிராம் பிடித்துக்கொள்ளும் எண். விற்றவர் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "விண்டோஸை ஃபார்மேட் பண்ணிடுங்க சார்." அதை நம்பி சிபியூவைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்கு பஸ் ஏறியது தண்டம். அங்கேயும் ஃபார்மேட் பண்ணத்தான் தயாராக இருந்தார்கள், காரணம் தேட யாரும் இல்லை. அப்படியே திரும்பி வந்தாயிற்று.

கமாண்ட் பிராம்ப்ட்டில், கணினியின் நெட்வொர்க் தொடர்புகளைக் காட்டும் "நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ" அடித்து, அதை "ஃபைண்ட்ஸ்டர் 8080" வழியாக வடிகட்டினால் மூன்று வரி. முதல் சறுக்கல் இங்கேதான். எண்ணுக்கு முன்னால் முக்காற்புள்ளி போடவில்லை. ஒரு வரியில் 8080 என்பது போர்ட்டே இல்லை, கடைசிப் பத்தியில் இருந்த பிஐடி, அதாவது ஓடும் புராசஸுக்கு விண்டோஸ் கொடுக்கும் எண். விண்டோஸில் பிஐடி நான்கு நான்காகத்தான் ஏறும், அதனால் 8080 என்றே ஒன்று அமையலாம். அது குரோம். அவசரத்தில் மூடியதில் கஸ்டமருக்காகப் பாதி நிரப்பியிருந்த விண்ணப்பம் போச்சு.

இன்னொரு வரியில் 8080 எதிர்முனைப் பத்தியில் இருந்தது. அது வெளியே எங்கோ இருக்கும் சர்வரின் போர்ட், நமக்கு வேண்டாம். உள்முனைப் பத்தியில் :8080 இருந்து, நிலை "லிசனிங்" (தொடர்புக்காகக் காத்திருக்கிறது) என்று இருக்கும் வரி மட்டும்தான் ஆசாமி. பிஐடி 0 போட்ட "டைம் வெயிட்" வரிகள் வந்தால் விட்டுவிடுங்கள், அவை முடிந்துபோன தொடர்புகள்.

ஆசாமியின் பிஐடி 3124. "டாஸ்க்கில் /எஃப் /பிஐடி 3124" கொடுத்ததும் செத்தது. பத்து விநாடியில் 5560 என்ற புது எண்ணில் உயிரோடு வந்து அதே போர்ட்டில் உட்கார்ந்தது! அப்படித் திரும்பி வந்தால் பெரும்பாலும் அது சர்வீஸ், அதாவது பின்னணியில் விண்டோஸே ஓட்டும் புரோகிராம். "டாஸ்க்லிஸ்ட் /எஸ்விசி" பட்டியலில் அந்தப் புது எண்ணைப் பார்த்ததும் சர்வீஸ் பெயர் கிடைத்துவிட்டது: போன வருஷம் நீக்கியதாக நினைத்த பழைய பில்லிங் சாஃப்ட்வேரின் சர்வர். அன்இன்ஸ்டால் செய்தும் சர்வீஸ் மட்டும் தங்கியிருக்கிறது.

நிறுத்தினால் போதாது, அடுத்த பூட்டில் மறுபடி எழும். சர்வீஸஸ் ஜன்னலில் ஸ்டார்ட்அப் டைப்பை "டிசேபிள்டு" ஆக்குங்கள். கமாண்டில்தான் செய்வேன் என்றால் "எஸ்சி கான்ஃபிக்"கில் "ஸ்டார்ட்=" என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி கட்டாயம். பழைய பவர்ஷெல்லில் "எஸ்சி" என்பது வேறு கமாண்டின் சுருக்கம், அங்கே அடிக்கவே வேண்டாம். இதற்கெல்லாம் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த ஜன்னல் வேண்டும்.

லினக்ஸ்காரர்களுக்கு "சுடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி" ஒன்றே போதும். அட்மின் உரிமை தரும் சுடோவை விட்டால் பிறர் பெயரில் ஓடும் புராசஸின் பெயர் வராது, வெறும் போர்ட்தான் தெரியும்.

விண்டோஸில் லிசனிங் வரியே இல்லாமல் 10013 (அனுமதி இல்லை) பிழை வந்தால் புராசஸைத் தேடி அலையாதீர்கள். ஹைப்பர்-வி (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விண்டோஸ் வசதி) மாதிரி ஏதாவது அந்த எண்ணை ஒதுக்கி வைத்திருக்கலாம். "நெட்எஸ்ஹெச் இன்டர்ஃபேஸ் ஐபிவி4 ஷோ எக்ஸ்க்ளூடட்போர்ட்ரேஞ்ச் டிசிபி" அடித்தால் ஒதுக்கிய எண்கள் வரிசையாக வந்துவிடும்.