துணியைக் கேட்டவர்கள்: காளஹஸ்தியிலிருந்து பெடனா வரை

காளஹஸ்திக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ராகு கேது பூஜையை முடித்துக்கொண்டு மதியத்துக்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். நான் போனது அந்த ஊரில் கலம்காரி, அதாவது துணிச் சித்திரம், வரைகிறவர்களைப் பார்க்க. எல்லையோர ஊர் என்பதால் தமிழ் நன்றாகவே செல்லுபடியாகிறது. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்ன வீடு. வாசலிலேயே பால் வாடை அடித்தது.

வெளுக்காத பருத்தித் துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். பாலில் உள்ள கொழுப்புதான் மை பரவாமல் பிடித்து நிறுத்துகிறது. பெரியவர் புளியங்குச்சிக் கரியால் லேசாகக் கோடு போட்டுவிட்டு, மூங்கில் கலத்தை, அதாவது பேனாவை, எடுத்தார். அதன் நுனிக்குச் சற்று மேலே துணியைச் சுற்றி நூலால் கட்டியிருந்தது. அந்த முடிச்சு மையைக் குடித்துவைத்துக்கொள்ளும். விரலால் அழுத்த அழுத்த, மை நுனிக்கு இறங்கும். மை என்றால் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் வாரக்கணக்கில் புளித்துக் கிடந்தது. சட்டியில் பார்த்தால் வெறும் பழுப்புத் தண்ணீர். துணியில் பட்டதும் கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கண்ணெதிரே கறுக்கிறது.

"தப்பாப் போட்டுட்டா என்னங்கய்யா பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கடுக்காய் பிடிச்சா விடாது. அந்தக் கோட்டையே வேற ஏதாவதா மாத்திக்கணும்."

அவர் வரைந்துகொண்டிருந்தது ராமர் பட்டாபிஷேகம். நடுவில் பெரிய சித்திரம், சுற்றிலும் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் தெலுங்கில் ஒரு வரி. ராமனுக்கு நீலம், அரக்கர்களுக்குச் சிவப்பும் பச்சையும், பெண்களுக்கு மஞ்சள். கண்கள் முகத்தில் பாதியை அடைத்துக்கொள்கின்றன. ஏன் இவ்வளவு பெரிய கண் என்றேன். "கோயில்ல தொங்கவிட்டா கடைசில உக்காந்திருக்கிறவனுக்கும் யார் எவர்னு தெரியணும் இல்லையா" என்றார்.

அந்தப் பதில் எனக்கு ரொம்ப நேரம் போதுமானதாக இருந்தது. கோயில் சுவரில் தொங்கும் துணி, கதை சொல்ல ஒருவர், கேட்க ஒரு கூட்டம். கட்டம் கட்டமான அமைப்பும், அடர்ந்த கோடும், வண்ண முறையும் அந்தக் கூட்டத்துக்காகவே உருவானவை என்றுதான் நினைக்கிறேன். நம் தஞ்சாவூர்ப் பக்கத் தேர்களில் ஆடும் தொம்பை என்ற துணித் தொங்கலும் இதே குடும்பம்தான். சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்னும் கையால் வரைகிறார்கள். அங்கே துணி தேரோடு அசையும் என்பதால் உருளை வடிவம், அதற்கேற்ற கோலம்.

பிறகு கலம்காரிக்குப் பேர்போன இன்னோர் ஊரைப் பார்க்க விஜயவாடா போய், அங்கிருந்து மசூலிப்பட்டினம் ரயிலில் பெடனாவில் இறங்கினேன். மசூலிக்கு முன்னால் வருகிற சின்ன ஊர். இங்கேயும் அதே கடுக்காய், அதே பால், அதே படிகாரம். ஆனால் துணியில் ஒரு மனித முகம் இல்லை. கொடி, பூ, மாங்காய், மயில். நீள மேசையில் துணியை விரித்து, தேக்கில் செதுக்கிய அச்சுக்கட்டையைத் தொட்டுத் தொட்டுப் பதித்து, மேலே உள்ளங்கையால் ஒரு தட்டு. படிகாரம் பட்ட இடத்தில் முதலில் பெரிதாக நிறம் தெரிவதில்லை. செப்பு அண்டாவில் சாயத்தோடு கொதிக்கும்போது அந்த இடம் மட்டும் சிவப்பை இழுத்துக்கொள்கிறது. கொதிக்கிற துணியைக் கம்பால் புரட்டிக்கொண்டிருந்த அக்காவிடம், எனக்குத் தெரிந்த அரைத் தெலுங்கில், இங்கே சாமி உருவம் போடமாட்டீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கட்டிக்கிற துணிம்மா. விரிச்சுப் படுக்கிற துணி. அதுல சாமியைப் போடலாமா?"

இது இன்றைய பதில். பழைய காரணம் துறைமுகத்தில் இருக்கிறது. மசூலி கோல்கொண்டா குதுப் ஷாஹி சுல்தான்களின் துறைமுகம். கொடியும் பூவும் விரும்பிய பாரசீக வணிகர்களின் ரசனை துணியில் ஏறியது. டச்சுக்காரர்கள் 1605-இலும் ஆங்கிலேயர்கள் 1611-இலும் இங்கே பண்டகசாலை வைத்தார்கள். அன்று ஐரோப்பாவுக்குப் போன உயர்ந்த துணிகளும் கலத்தால் வரைந்தவைதான். ஆனால் வரைந்தது அவர்கள் கட்டிலுக்கு. சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசவை தன் கோலங்களின் மாதிரியையே அனுப்பி, சோழமண்டலக் கரையில் வரைந்து வாங்கிக்கொண்டது.

1643-இல் லண்டனிலிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி சூரத்துக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. மேல்விரிப்புகள் மங்கலான சிவப்புப் பின்னணியில் வருகின்றன, இங்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை, வெள்ளைப் பின்னணியில் பூவும் கிளையும் வண்ணத்தில் வரட்டும் என்கிறது அந்தக் கடிதம். வெள்ளைத் தரையில் கிளை விரித்து நிற்கும் மரம், இன்று "பாரம்பரிய இந்திய டிசைன்" என்று கடையில் விற்கிறதே, அதில் லண்டன் படுக்கையறைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தத் துணிகள் அவர்களை எப்படிப் பிடித்தன என்றால், தங்கள் நெசவாளர்களைக் காக்க பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது; இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டம், போதாமல் 1721-இல் இன்னொன்று.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, "வியாபாரம் வந்து கலையைக் கெடுத்துவிட்டது" என்கிற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. பெடனாவின் கொடிகள் வியாபாரத்தில் பிறந்தவை, அழகானவை. கலைஞன் தனியாக உட்கார்ந்து தன் மனதிலிருந்து மட்டும் எடுப்பது என்று ஒன்று இந்தத் துணிகளில் எங்குமே இல்லை. கேட்பவர் கோயிலோ சுல்தானோ கம்பெனியோ, அவர் கையும் கலத்தைப் பிடித்திருக்கிறது.

ஆனால் ஒரு கவலை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. காளஹஸ்தியில் கோயில் ஆதரவு வற்றி, கலை அழியும் நிலைக்கு வந்தபோது கைவினைக் கலைகளுக்காக உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1957-இல் அங்கே அரசுப் பயிற்சி மையம் தொடங்கியது. அதனால்தான் இன்று வரைகிறவர்கள் இருக்கிறார்கள். இன்று அவர்களிடம் துணி கேட்பவர்கள் என்னைப் போன்றவர்கள். நாம் கேட்பது துப்பட்டா, சேலை, சோபா உறை. நான் பார்த்த துப்பட்டாக்களில் புத்தர் முகம் இருக்கிறது, மயில் இருக்கிறது. கதை இல்லை, கீழே அந்த ஒரு வரி எழுத்தும் இல்லை. கேட்க ஆள் இல்லாவிட்டால், அடுத்த தலைமுறைக் கை கட்டம் பிரித்துக் கதை அடுக்கும் வித்தையை எதற்குப் பழகும்?

போகிறவர்கள் மழைக்காலம் முடிந்து தை, மாசியில் போங்கள். துணி அலசத் தண்ணீரும் இருக்கும், காய வெயிலும் இருக்கும். பெடனாவுக்குக் காலையில் போனால் அண்டா கொதிப்பதைப் பார்க்கலாம். காளஹஸ்தியில் துப்பட்டா வாங்குங்கள், தவறில்லை. கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணமும் சில மாதம் காத்திருக்கப் பொறுமையும் இருந்தால், ஒரு கதையைச் சொல்லி, எழுத்தோடு வரைந்து தரக் கேளுங்கள். தமிழில் எழுதித் தருவார்களா என்று விசாரித்தேன். நாம் எழுதிக் கொடுத்தால் பார்த்து வரைவார்களாம்.