தடித்த குளிர்காலக் கோட்டோடு பொருந்திய துப்பாக்கி

நீர்ப்பறவை வேட்டைக்கென்று ஒரு துப்பாக்கியை முடிவு செய்ய எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அதில் பாதி நாள், மாமா கொடுத்த பழைய இரட்டைக் குழலை விட மனம் வராமலேயே போய்விட்டது. கைபட்டுக் கைபட்டு மெருகேறிய கட்டை, தூக்கினால் தானாகத் தோளுக்கு வந்து நிற்கும். பழுது பார்ப்பவர் அதன் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "சோக் ரொம்ப இறுக்கம். எஃகு ரவை போட்டா குழல் வாய் உப்பிடும், போடாதீங்க" என்றார். ரவைகள் எவ்வளவு பரவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும், குழல் வாயின் குறுகல்தான் சோக்.

ஈய ரவையே போடலாமே என்று கேட்க வழியில்லை. தண்ணீரில் விழுந்த ஈய ரவையைத் தாராக்கள் இரையை அரைக்க உதவும் சிறு கல் என்று எண்ணி விழுங்குகின்றன. அது இரைப்பையில் அரைபட்டு ரத்தத்தில் கலந்து, சுடாத பறவையையும் கொல்கிறது. அதனால்தான் அமெரிக்கா 1991-லும் கனடா 1999-லும் நீர்ப்பறவை வேட்டையில் நாடு முழுக்க ஈயத்தைத் தடை செய்தன. அந்தத் தடை சரி என்றே நினைக்கிறேன். பிஸ்மத் ரவை ஈயத்தைப் போல மென்மையானது, பழைய துப்பாக்கிக்கும் ஒத்துவரும். ஆனால் பழகிச் சுட்டுத் தீர்க்கும் அளவுக்கு வாங்க முடியாத விலை. மாமாவின் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் பூசி உள்ளே வைத்தேன்.

புதியது 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) என்பதில் குழப்பம் இல்லை. எஃகு ஈயத்தைவிட எடை குறைவு, காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். ஈயத்தில் 4-ஆம் எண் போதும் என்ற இடத்தில் எஃகில் 2-ஆம் எண், அதாவது இன்னும் பெரிய ரவை வேண்டும். பெரிய ரவை நிறைய அடங்க 12 போரில் 3 அங்குலத் தோட்டா வசதி. மூன்றரை அங்குலம் வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். தோளில் விழும் உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடுகிறவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கியது. முதலில் கண். இரண்டு கண்ணும் திறந்திருக்க, தூரத்தில் ஒரு பொருளை விரலால் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ அதுவே ஆளும் கண். எனக்கு வலது, நல்லவேளை.

கடையில் மெல்லிய சட்டையோடு தூக்கிப் பார்த்து "அருமை" என்று நான் வாங்கவிருந்த ஒரு செமி ஆட்டோவை (சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் துப்பாக்கி), மறுநாள் குளிர்காலக் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு போய்த் தூக்கினேன். கட்டையின் அடி அக்குளுக்குக் கீழே கோட்டில் மாட்டிக்கொண்டது. இன்னொரு முறை, அப்படியே. பறவை தலைக்கு மேலே கடக்கும் இரண்டு விநாடியில் ஒரு விநாடி அங்கேயே போய்விடும். கடைக்காரர் கட்டையின் பின்முனையிலிருந்து ஒரு ஸ்பேசரை, அதாவது நீளத்தைக் கூட்டும் தகட்டைக் கழற்றினார். அரை அங்குலத்துக்கும் குறைவுதான். அடுத்த முறை கன்னம் கட்டையில் படிந்தபோது, குழலின் மேல்பட்டை நேர்க்கோடாகக் கண் முன் நின்றது. அன்றே வாங்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் மலிவு, சேற்றிலும் சளைக்காது. செமி ஆட்டோவில் உதை குறையும் என்பதால் நான் இந்தப் பக்கம் வந்தேன். 28 அங்குலக் குழல், மாற்றக்கூடிய சோக்குகள்.

வாங்கியதும் வேட்டைக்குப் போகவில்லை. பெரிய தாள்களில் 30 அங்குல வட்டம் வரைந்து, 40 கெஜத்தில் நிறுத்திச் சுட்டேன். என் தோட்டாவில் ஏறக்குறைய 156 ரவைகள். இறுக்கமான சோக்கில் நடுவே கொத்துக் கொத்தாக விழுந்து, வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெற்றிடம். கிளுவை போன்ற ஒரு சிறு வாத்து அதற்குள் அடங்கிவிடும். சிறகில் ஒன்றிரண்டு பட்டு, நாணலுக்குள் போய் இரவெல்லாம் துடித்துச் சாகும். எனக்கு அது பொறுக்காது. இறுக்கம் குறைந்த மாடிஃபைட் சோக்கில் 98 ரவைகள் வட்டத்துக்குள், பரவலும் சீர். எஃகு நசுங்காமல் போவதால் அவ்வளவு இறுக்கம் தேவைப்படவில்லை. 45 கெஜத்தில் அதே சோக்கில் ரவைகள் இடைவெளி விட்டுச் சிதறின.

இப்போது பறவைகளை ஈர்க்கப் பொம்மை வாத்துகளை மிதக்கவிடும்போது, கடைசி ஒன்றை 35 கெஜத்தில் வைக்கிறேன். அதைத் தாண்டிப் பறப்பதற்குத் துப்பாக்கியைத் தூக்குவதில்லை.