மாற்று அடாப்டரில் பேட்டரி ஏறிவிட்டது

லேப்டாப்பைத் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் அடாப்டர் 90 வாட் என்று காட்டுகிறது, பேட்டரியும் ஏறுகிறது. இணைப்பைப் பெட்டியில் வைத்து மூடும் வேலை இன்னும் பாக்கி இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐப்பசி இடிமழையில் டெல் லேப்டாப்பின் அடாப்டர் போய்விட்டது. பல்லடத்தில் தறிகள் ஓடும் பகுதியில் மின்னழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் பழகிப்போன ஒன்று; 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டர் அதைத் தாங்கிக்கொள்ளும், இடியைத் தாங்காது. கையிலிருந்த மாற்று, வேறொரு லேப்டாப்பின் 19 வோல்ட், 4.74 ஆம்பியர் அடாப்டர். வேண்டியதோ 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர். அரை வோல்ட் குறைவது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் முனையை மட்டும் மாற்றிச் சொருகினால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது, பிராசசரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டு விற்கும் மலிவு அடாப்டர்கள் பலவும் இந்த இடத்தில்தான் கைவிடுகின்றன. அதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லாமல் விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

டெல்லின் 7.4 மில்லி முனையின் நடுவில் நிற்கும் ஊசிதான் காரணம். வெளிப்புறம் கிரவுண்ட், உட்சுவர் 19.5 வோல்ட், ஊசி டேட்டா. அடாப்டரின் வாட் அளவைப் பதிந்து வைத்திருக்கும் டிஎஸ்2501 வகைச் சில்லை லேப்டாப் அந்த ஊசி வழியாகப் படிக்கிறது. செத்த அடாப்டரை வைஸில் கொடுத்து ஓரத்தை அழுத்தித் திறந்து, பெரிய கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டுச் சில்லைக் கழற்றினேன். 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் வைத்து ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகையில் படித்தால் 090, 195, 046 என்று வந்தது: 90 வாட், 19.5 வோல்ட், 4.6 ஆம்பியர். சில்லு பிழைத்துக்கொண்டது! இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். 45 வாட் அடாப்டரிலிருந்து 90 வாட் இழுக்கக் கூடாது என்பது லேப்டாப்புக்கு வேறு எப்படித் தெரியும்?

மாற்று அடாப்டரின் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அதன் முனையை வெட்டிவிட்டு, பழைய கேபிளை முனையோடு இணைத்து, இணைப்பு விழும் இடத்தில் சில்லை வைத்தால் போதும். நடுக்கால் டேட்டாவுக்கு, கிரவுண்ட் கால் கிரவுண்டுக்கு, மூன்றாவது காலுக்கு வேலை இல்லை.

உயிரை வாங்குவது அந்த நீலக் கம்பி. என் கேபிளில் வெளியே கிரவுண்ட் இழைகள், உள்ளே தடித்த வெள்ளைக் கம்பி 19.5, அதன் பக்கத்தில் மயிரிழை போன்ற நீலம் டேட்டா. ஸ்டிரிப்பர் வைத்தால் தோலோடு செம்பு இழைகளும் போய்விடும். மேசையில் கம்பியைக் கிடத்தி, பிளேடை அழுத்தாமல் அதன்மேல் வைத்துக் கம்பியை உருட்ட வேண்டும். தோலில் கீறல் விழுந்ததும் நகத்தால் மெல்ல இழுத்தால் உறைபோல் கழன்று வரும். ஈயம் பூசும்போது அயர்ன் முனை ஒரு நொடிக்கு மேல் நின்றால் மீதித் தோலும் உருகிப் பின்வாங்கும். அங்கே வெள்ளைக் கம்பியின் ஓர் இழை தொட்டால் 19 வோல்ட் நேராகச் சில்லுக்குப் போகும், லேப்டாப்பின் சார்ஜிங் பகுதிக்கும் போகலாம். ஆகவே மூன்று இணைப்புகளையும் ஒரே இடத்தில் போடாமல் முன்னும் பின்னுமாகத் தள்ளிப் போட்டேன். நீலத்தைச் சற்றுத் தொய்வாக விட்டேன். கேபிள் இழுபட்டால் பாரம் வெள்ளைக் கம்பியின் மேல் விழும். பிறகு மல்டிமீட்டரை, தொடர்பு இருந்தால் ஒலிக்கும் பீப்பரில் வைத்து, ஊசிக்கும் உட்சுவருக்கும் நடுவே ஒலி வருகிறதா என்று கேபிளை வளைத்து வளைத்துப் பார்த்தேன். ஒலி வரவில்லை. அடாப்டரைச் சொருகாமலே முனை வழியாகச் சில்லை ஆர்டுயினோவில் இன்னொரு முறை படித்த பிறகுதான் லேப்டாப் பக்கம் போனேன்.

இணைப்பை மூட, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைக் கோவை காந்திபுரத்தில் வாங்கினேன். 3 மில்லி கேட்டதற்கு, கம்பியை விரலில் உருட்டிப் பார்த்த கடைக்காரப் பெரியவர், "இதற்கு அது தொளதொளவென்று நிற்கும் கண்ணு, 1.5 எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் சொன்னதே சரியாக இருந்தது. இத்தனை சிறிய வேலையையும் பொருளாக மதித்துப் பேசும் கடைகள் இருக்கும்வரை ஆன்லைனில் வாங்க எனக்கு மனம் வராது.

அடுத்து யுஎஸ்பி-சி. சார்ஜரிடம் வேண்டிய வோல்ட்டைக் கேட்டு வாங்கும் பிடி டிரிகர் பலகை ஒன்றை 20 வோல்ட்டில் நிறுத்தி, அதே 7.4 முனைக்குக் கொடுக்க ஆசை. சாதாரண சி கேபிள் 3 ஆம்பியரோடு நின்றுவிடும், அதாவது 60 வாட். 5 ஆம்பியருக்கு, கேபிளின் திறனைச் சொல்லும் இ-மார்க்கர் சில்லு உள்ள கேபிள் வேண்டும். என் சார்ஜர் 65 வாட்தான். அதில் இந்த 90 வாட் சில்லைப் போட்டால் லேப்டாப்பிடம் பொய் சொன்னதாகும், அது தாராளமாக இழுத்துச் சார்ஜரைப் படுக்க வைத்துவிடும். எனவே செத்துப்போன 65 வாட் டெல் அடாப்டர் ஒன்று தேவை. உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேட எண்ணம்.

அதற்கு முன்பு இதை முடிக்க வேண்டும். சில்லு இப்போது டேப்பில் சுற்றித் தொங்குகிறது. சிறிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கிறது. இரு புறமும் கேபிள் இழுபடாமல் பிடிக்கும் கிளாம்ப்தான் பாக்கி. மூடுவதற்கு முன் பேட்டரி ஏறும்போதே பிராசசருக்கு முழுச் சுமை கொடுத்து, வெள்ளைக் கம்பியின் இணைப்பு சூடாகிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். சூடானால் திரும்பப் பற்றவைப்பேன்.