அம்மா வைத்த நேர்த்தி

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் தேர், திருவிழாவின் 24ஆம் நாள். விடியப்புறமே குளித்து, ஈர வேட்டியோடு வெளிவீதி மணலில் படுத்தேன். முன்னும் பின்னும் அடியார்கள் மணலில் உருண்டு பிரதட்டை பண்ணிக்கொண்டிருந்தார்கள். இது நான் வைத்த நேர்த்தி இல்லை. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, கந்தர்மடத்து வீட்டுப் பங்கருக்குள், அந்தப் பதுங்குகுழிக்குள், அம்மா வைத்தது.

1990 ஜூனில் ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியதும் அப்பா மாமரத்தடியில் பங்கர் வெட்டினார். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. சகடை என்று நாங்கள் சொன்ன குண்டு போடும் விமானம் வந்தால் இரைச்சலிலேயே தெரியும். மெதுவாக வட்டமடித்து பீப்பாய்க் குண்டை உருட்டிவிடும். பொம்மர் விமானம் அப்படியில்லை, சட்டென்று தாழப் பதிந்து குண்டு போடும். "பதியுது, பதியுது" என்று யாராவது கத்துவதற்குள் உள்ளே பாய்ந்துவிட வேண்டும். காதைப் பொத்தி, பல்லிடுக்கில் துணியைக் கடித்து, நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கையை ஊன்றிப் படுக்கப் பழக்கியிருந்தார்கள். குண்டு விழுந்தால் நிலமே ஒருமுறை தூக்கிப்போடும். அப்புறம் குற்றி இடுக்கால் மண் பொலபொலவென்று கழுத்தில் கொட்டும்.

ஒருநாள் இரண்டு வளவு தள்ளி விழுந்தது. அம்மா என்மேல் கவிழ்ந்து கிடந்தார். "முருகா, இவனைக் காப்பாத்து, உன்ர வீதியில பிரதட்டை பண்ண வைக்கிறன்" என்றது என் காதுக்குள்ளேயே கேட்டது.

1995 ஜூலை 9, நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. இடம்பெயர்ந்து வந்து அங்கே ஒதுங்கியிருந்த சனத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அவர்களும் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? அம்மாவால் இன்றுவரை அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்கிவர, மழையில், ஊரே வெளிக்கிட்டபோது நாங்களும் நடந்தோம். நேர்த்தி அப்படியே நின்றுவிட்டது.

இப்போது "அரோகரா" என்ற குரல்களுக்கு நடுவே உருண்டேன். வடக்கு வீதி திரும்பும்போது ஈரமணல் கழுத்தில் ஒட்டியது. அதே நேரம் எங்கோ பக்கத்தில் தவில் அதிர்ந்தது. தலைக்கு மேல் கூப்பியிருந்த கைகள் பிரிந்து தாமாகவே காதைப் பொத்தின. கூடவே நடந்துவந்த அம்மா குனிந்து, "தவில்தான் ராசா. கையைக் கூப்பு" என்றார். கூப்பினேன். கண்ணீரும் மணலும் கலந்து முருகன் பெயரே வாயில் வரவில்லை.

வாசலில் எழுந்து நின்றதும் அம்மா சேலைத் தலைப்பால் என் கழுத்து மண்ணைத் தட்டிவிட்டார். கற்பூரம் ஒன்று கொளுத்தி என்னைக் கும்பிடச் சொன்னார். பிறகு முடிச்சை அவிழ்த்து இன்னொன்றை எடுத்தார்.

"இது நவாலிச் சனத்துக்கு" என்று சொல்லி, அதை அவரே ஏற்றினார்.